நேராக இணைத்த ஒயர்

பாளையங்கோட்டையில் பழைய டிவிகளைப் பழுதுபார்க்கும் செண்பகவல்லிக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த வேதநாயகத்துக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவளை 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் அவர் தன் அண்ணன் ஜெபமணியைச் சக்கர நாற்காலியில் கடைக்குக் கூட்டி வந்தார். பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. பார்வையும் மங்கல். வலது கை மட்டும் அசையும். மடியில் அவர் வாலிபத்தில் வாங்கிய கம்ப்யூட்டர், இரும்பு உடம்பு, மேலேயே எழுத்துப் பொத்தான்கள். அதற்கென்று திரை கிடையாது. ஒயரை டிவியின் ஆன்டெனாத் துளையில் செருகித்தான் பார்க்க வேண்டும்.

செண்பகவல்லி ஒரு பழைய டிவியில் செருகிக் காட்டினாள். எழுத்து வந்தது. ஆனால் திரை முழுக்க மழை பெய்வதுபோல் புள்ளிகள்.

"அண்ணன் கண்ணுக்கு இது தெரியாதே வாத்தியாரம்மா. துளைக்குப் பின்னால இருக்கிற அந்தச் சின்ன டப்பாதான் படத்தைக் கெடுக்குது. அதைக் கழட்டிட்டு நேரா உள்ளே இணைச்சா என்ன?"

"வேண்டாம் சார். சாப்பிட்டு வந்து காட்டுறேன்."

அவர் காத்திருக்கவில்லை. டிவியைத் திறந்தார். டப்பாவைக் கழற்றி, கம்ப்யூட்டரின் ஒயரை நேராக உள்ளே பற்றவைத்தார். சுத்தமான வேலை.

அவள் சாப்பிட்டுத் திரும்பியபோது கழற்றிய டப்பா மேசையில் கிடந்தது. ஜெபமணி கம்ப்யூட்டர்மேல் கையை வைத்துக் காத்திருந்தார். வேதநாயகம் டிவியின் பிளக்கைச் சுவருக்குக் கொண்டுபோனார்.

அவள் பாய்ந்து வந்து அவர் கையில் ஓங்கி அடித்தாள். பிளக் தரையில் விழுந்தது.

"என்னை... அடிச்சீங்களா?"

அவள் கம்ப்யூட்டரை ஜெபமணியின் மடியிலிருந்து எடுத்து மர மேசையில் வைத்தாள். அவரது நாற்காலியை வாசல்வரை தள்ளினாள். பிறகு தானே பிளக்கைச் செருகி, டெஸ்டரின் முனையைக் கம்ப்யூட்டரின் இரும்பு விளிம்பில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"டிவி சுவிட்சைப் போடவே இல்லையே!" என்றார் அவர்.

"பழைய டிவி சார். பிளக்கைச் செருகினாலே உள்ளே தகடு முழுக்கக் கரண்ட் நிக்கும். அது ஒயர் வழியா வெளியே வராம நிறுத்துறது அந்த டப்பா."

வேதநாயகம் அந்த விளிம்பைப் பார்த்தார். வாசலில் இருந்த அண்ணனின் விரல்களைப் பார்த்தார். கரண்ட் அடித்திருந்தால் அண்ணனால் கத்தக்கூட முடிந்திருக்காது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷம் பாடம் நடத்தினேன்," என்றார். பிறகு, "என் கையாலேயே..."

அவள் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை எடுத்துவிட்டு, டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்க."

அவர் கையிலிருந்து திருகாணி இரண்டு முறை நழுவி விழுந்தது. அவள் உதவவில்லை. அவர் மாட்டி முடித்ததும் ஒயரைத் துளையில் செருகி, பிளக்கைப் போட்டு, மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை.

ஜெபமணியை உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் ஒரு விரலால் தேடித் தேடித் தம்பியின் பெயரை அடித்தார். புள்ளி மழைக்குள் அது மங்கலாக நின்றது. அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையை முன்னே நீட்டினார்.

வேதநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் தெளிவாத் தெரியலையே, வாத்தியாரம்மா. என்ன செய்ய?"

"அண்ணனைக் கொஞ்சம் டிவிக்குப் பக்கத்துல தள்ளிட்டு வாங்க சார்."