வென்ற கோட்டையும் உடைந்த ஏரியும்

கருங்குன்றூரை வில்லவராயர் ஆண்ட காலம். அவர் சபையில் மாறநம்பி என்று ஓர் ஆலோசகர் இருந்தார். புத்தி கூர்மையானது. நாக்கு அதைவிடக் கூர்மை. அந்த நாக்கு ஒருநாள் அவரை நன்றாக மாட்டிவிட்டது.

அன்று அரசர் அரண்மனைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். நம்பியும் கூட வந்தார். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை அங்கே பன்னிரண்டு பிள்ளைகள். இளவரசன் ஆதனும் அவர்களில் ஒருவன். சபாநாயகப் பண்டிதர் நாட்டு வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு அரசர்களின் பெயர்களை அவர் ராகம் போட்டுச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பதினேழாவது அரசர் வருவதற்குள் பாதிப் பேருக்குக் கண் செருகிவிட்டது.

அரசர் மகனைக் கூப்பிட்டார். "உன் கொள்ளுப்பாட்டனார் முத்தரையரைப் பற்றி என்ன தெரியும்?"

ஆதன் விரல்விட்டு எண்ணினான். "நாற்பதாவதாக வருவார், அப்பா."

அரசரின் முகம் வாடியது. "பிள்ளைகள் கொஞ்சம் மந்தம்" என்றார் பண்டிதர்.

நம்பி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மந்தமெல்லாம் இல்லை. பாடம் சொல்லச் சொல்லத்தான் இவர்களுக்குத் தூக்கம் வருகிறது. சொல்லாமல் விட்டால் விழித்துக்கொள்வார்கள்."

பண்டிதருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் பாடம் சொல்லாமலே இவர் கற்பித்துக் காட்டட்டும், அரசே."

அரசர் அதைப் பிடித்துக்கொண்டார். "நம்பி, பத்து நாள் தருகிறேன். ஒரு வார்த்தைகூட நீர் பாடம் சொல்லக் கூடாது. ஆனால் என் பாட்டனார் வரலாறு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சபையில் உமக்கு இடமில்லை."

மறுநாள் காலையில் நம்பி ஒரு மூட்டை பொரிகடலையோடு பிள்ளைகளைப் பெரிய ஏரிக்கு அழைத்துப் போனார்.

"கரை முழுக்கக் கறுப்புக் கல். நடுவில் மட்டும் ஐம்பதடி தூரத்துக்குச் சிவப்புக் கல். ஏன்?" என்று கேட்டார்.

"ஏன்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து பொரி தின்னத் தொடங்கினார்.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்கள். பிறகு கல்லைப் பார்த்தார்கள். படைத்தலைவர் மகள் கோதைதான் புதருக்குள் எழுத்து வெட்டிய கல்லொன்றைக் கண்டுபிடித்தாள். எழுத்து தேய்ந்திருந்தது. சுண்ணாம்புப் பொடி தேய்த்துப் படிக்க மூன்று நாள் ஆனது. 'முத்தரையரின் ஐந்தாம் ஆட்சியாண்டு, ஐப்பசி முதல் நாள், ஏரி உடைந்தது. மன்னர் படையோடு வந்து மாதம் முழுக்கத் தங்கிச் சிவப்புக் கல்லால் உடைப்பை அடைத்தார்.'

ஆதன் நெற்றியைச் சுருக்கினான். அரண்மனை வாசலில் ஒரு வெற்றித்தூண் இருக்கிறது. தினமும் அவன் அதைத் தாண்டித்தான் போவான். எல்லோரும் ஓடிப்போய் அதைப் படித்தார்கள். அதே ஐந்தாம் ஆண்டு. அதே ஐப்பசி. அந்த மாதம் மன்னர் வடக்கே குறும்பாறைக் கோட்டையை வென்றார் என்றிருந்தது.

"ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலா?" என்றாள் கோதை.

நம்பியின் தொண்டையில் பொரி நின்றது. இவர்கள் எங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தடுக்கலாம். தடுத்தால் அதுவும் பாடம் சொன்னதாகிவிடும். அதோடு, பன்னிரண்டு ஜோடிக் கண்கள் இப்படிப் பளபளத்து அவர் பார்த்ததில்லை. பேசாமல் தண்ணீர் குடித்தார்.

பத்தாம் நாள் சபை கூடியது. ஆதன் முன்னால் வந்தான்.

"கொள்ளுப்பாட்டனார் அந்தப் போரில் ஜெயிக்கவில்லை, அப்பா."

பண்டிதர் எழுந்துவிட்டார். "கேட்டீர்களா, அரசே? தூணில் உள்ள பாட்டு என் பாட்டனார் எழுதியது. அறுபது வருஷமாகப் பாடுகிறோம். அதைப் பொய் என்று இளவரசருக்கு நம்பி சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது ராஜத்துரோகம்."

"நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றார் நம்பி. "கேட்டேன், அவ்வளவுதான்."

"நிஜம்தான், அரசே" என்றாள் கோதை. "நாங்கள் கேட்டால்கூடச் சொல்ல மாட்டார். பொரி தின்றுகொண்டு தெரியாதே என்பார்."

அரசர் மகனையே பார்த்தார். "எதை வைத்துச் சொல்கிறாய்?"

"வென்ற கோட்டை இப்போது யாரிடம் இருக்கிறது, அப்பா?"

அரசர் யோசித்தார். குறும்பாறைக் கோட்டை அன்றும் இன்றும் பக்கத்து நாட்டார் கையில்தான்.

"அவர் தோற்று ஓடவும் இல்லை" என்றான் ஆதன். "சண்டை நடக்கும்போது ஏரி உடைந்த சேதி வந்திருக்கிறது. கோட்டை போனால் போகட்டும் என்று படையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மண் சுமந்திருக்கிறார். ஏரி மடையைப் பார்த்துக்கொள்ளும் மடைக்காரர்கள் வீட்டில் போய்க் கேட்டோம், இன்னும் சொல்கிறார்கள். அவர் வராவிட்டால் ஏழு ஊர் மூழ்கியிருக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, அப்பா."

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்தான்" என்றார். "அவர் செய்த பெரிய காரியம் புதருக்குள் கிடக்க, செய்யாத காரியத்தை வாசலில் நட்டு வைத்திருக்கிறோம். நம்பி, இனி பள்ளிக்கூடம் உம் பொறுப்பு. அந்தத் தூணை இடித்துவிடலாமா?"

"வேண்டாம், அரசே. அதில் பொய் இருந்ததால்தான் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள்."

அரசர் சிரித்தார். "அப்படியானால் என் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் தூங்காமல் இருக்க, என்னைப் பற்றியும் நாலு பொய் எழுதி வைக்க வேண்டுமே."

நம்பி பண்டிதர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அந்தக் கவலையே வேண்டாம், அரசே. தங்கள் புகழ்ப்பாட்டைப் பண்டிதர் போன மாதமே எழுதி முடித்துவிட்டார்."