ஏழு வீடு பார்த்த குட்டிகள்

அந்தக் காலத்தில் பூனையும் எலியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். பேச்சா அது? முக்கால்வாசி ஏச்சுதான். பூனைகள் அப்போதெல்லாம் குட்டி போட்ட இடத்தை விட்டு அவற்றை அசைக்காது. இருட்டு மூலை, பஞ்சு மெத்தை, வயிறு நிறையப் பால். அதற்குப் பெயர் வளர்ப்பாம்.

நெற்களஞ்சியத்தில் இருந்த செவலைப் பூனையும் தலை ஈற்றுக் குட்டிகள் மூன்றையும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வளர்த்தது. மூன்றும் பூசணிக்காய் மாதிரி கொழுத்தன. எலி பிடிக்க இறக்கிவிட்டால், எலிகள் ஒரு பக்கம் நெல்லைச் சரித்துச் சத்தம் காட்டிவிட்டு மறுபக்கம் ஓடின. குட்டிகள் மூன்றும் சத்தத்தின்மேல் பாய்ந்து முகமெல்லாம் உமியாக நின்றன.

எலிகளின் தலைவனான பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது. "அடுத்த ஈற்றும் இதே லட்சணம் என்றால் களஞ்சியம் எங்களுக்கு. நீ ஊரைவிட்டே கிளம்ப வேண்டும். அவை எங்களை ஜெயித்தால் நாங்கள் கிளம்புகிறோம். சம்மதமா?"

செவலை ரோஷக்காரி. சம்மதம் என்று சொல்லித் தொலைத்துவிட்டது.

அடுத்த ஈற்றில் இரண்டே குட்டிகள். கண் திறந்த வாரமே அடைமழை பிடித்து, கூரை ஒழுகி மெத்தை நனைந்தது. வேறு வழியில்லாமல் செவலை இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்துச் செக்கடிக்குப் போனது. அங்கே செக்கு கிறீச்சிட்டது, மாடு சுற்றிச் சுற்றி வந்தது, எள் வாசனை மூக்கைத் துளைத்தது. குட்டிகள் முதலில் நடுங்கின. நாலு நாள் கழித்துப் பார்த்தால், மாட்டின் வால் எப்போது பக்கத்தில் வரும் என்று குறிபார்த்து உட்கார்ந்திருந்தன. செவலைக்கு நம்பவே முடியவில்லை. மூத்ததுகளின் கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை அது ஒருநாளும் கண்டதில்லை.

மழை விட்டதும் தங்கை வெள்ளைச்சி வந்தது. "மெத்தை காய்ந்துவிட்டது அக்கா. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வா."

"வரமாட்டேன். இந்த இடமும் இவர்களுக்குப் பழகிவிட்டது. நாளைக்குத் தறிவீட்டுக்குப் போகிறேன்."

"புத்தி பிசகிவிட்டதா உனக்கு? பெற்றவள் செய்கிற வேலையா இது?"

குட்டிகள் தோற்றால் செவலைக்கு நடுத்தெருதான். ஆனாலும் கவ்விக்கொண்டு நடந்தது. தறிவீட்டில் நூல் கோத்த நாடாக் கட்டை இங்கும் அங்கும் பறக்க, குட்டிகளின் தலையும் கூடவே போய் வந்தது. குயவர் வீட்டில் பானைக்குள் விழுந்து, தாமே ஏறி வந்தன. கொல்லர் பட்டறையில் தீப்பொறிக்கு ஒதுங்கக் கற்றன. இப்படியே ஏழு வீடு.

அறுப்பு முடிந்த அன்று களஞ்சியத்தில் பூனைகளும் எலிகளும் பந்தயத்துக்குக் கூடின. பெருச்சாளி நெல்லைச் சரித்தது. இரண்டில் மூத்த குட்டி சத்தத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே போய் வளை வாசலில் உட்கார்ந்துகொண்டது. பெருச்சாளி திகைத்துத் திரும்புவதற்குள் உத்தரத்திலிருந்து குதித்த இளையது அதன் வாலை மிதித்துவிட்டது.

"விட்டுவிடு ராசா, களஞ்சியம் உங்களுக்கே" என்று கெஞ்சியது பெருச்சாளி. பொழுது சாய்வதற்குள் எலிக்கூட்டம் வரப்பு தாண்டி ஓடிவிட்டது. செவலை நிமிர்த்திய வாலைத் தாழ்த்தாமல் களஞ்சியத்தை மூன்று முறை சுற்றி வந்தது.

நிறைமாதமாக இருந்த வெள்ளைச்சி மெல்லப் பக்கத்தில் வந்தது. "அக்கா, அந்தத் தறிவீட்டுக்கு எப்படிப் போகணும்?"

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற ஆரம்பித்தது அன்று முதல்தான். வாயில் குட்டியோடு மதில்மேல் போகும் பூனையைப் பார்த்தால் விரட்டாதீர்கள்; பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறது.