கீழத்தெருவில் வாசித்த ஓலை

வேதமாணிக்கம் ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். யானையைக் கட்டி இழுத்தாலும் நகரமாட்டார். நல்லமாள்புரம் ஊராட்சியில் குடிதண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்து விடுகிற வேலை அவருக்கு. நாற்பத்தெட்டு வயதில் அதை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது என்று தீர்மானித்துவிட்டார். கையிலிருந்த ஸ்பேனரைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே போதகர் காலேப் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

போதகர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் வேதமாணிக்கத்துக்கு அவர்தான் குரு. வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தவரை உட்கார வைத்து, பொருள் சொல்லிப் படிக்க வைத்தவர்.

“ஐயா, என் தலையில கை வச்சு ஜெபம் பண்ணி என்னை ஊழியத்துக்கு அனுப்புங்க.”

“இப்ப என்ன வேலை பாக்கீய, அண்ணாச்சி?”

“உங்களுக்குத் தெரியாததா?”

“உங்க வாயால சொல்லுங்க.”

“தண்ணி தொறந்து விடுதேன். கூடவே சண்டை போடுதேன். விடியக்காலம் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் போறேன். மேலத்தெருவுல குழாயில மோட்டாரப் போட்டு உறிஞ்சுதாவ. அதக் கழத்தி வச்சாத்தான் கீழத்தெருவுக்குத் தண்ணி போய்ச் சேரும். கழத்துனா அவுக ஏசுதாவ, நானும் ஏசுதேன். ஜெபம் பண்ண வாய் அப்பவே நாறிப்போவுது. இந்தப் பிழைப்புல கர்த்தருக்குன்னு நான் என்னத்தச் செஞ்சேன்? நாளைக்கு அவர் முன்னால போய் நின்னு, வால்வு திருப்புனேன்னா சொல்ல முடியும்?”

சொல்லும்போதே மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

“வேற யாருகிட்ட இதச் சொன்னீய?”

“நம்ம சபை மூப்பர் செல்வின்துரைட்ட சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோசம். உடனே வேலைய விட்டுட்டு வாரும், ஊராட்சியில வேற ஆள் போட நானே பேசுதேன்னு சொல்லிட்டாரு.”

“அப்படியா,” என்றார் போதகர்.

மூப்பரின் வீடு மேலத்தெருவில் இருக்கிறது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

“சரி. ஓலை வாசிச்சிருவோம்,” என்றார் போதகர்.

வேதமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சபையில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்களே, அதுதான் ஓலை.

“இந்த வயசுல எனக்கு ஓலையா? எம் பொண்டாட்டி காதுல விழுந்தா என் கதி என்ன ஆவும்!”

“பொண்ணு கட்டுறதுக்கே நாலு பேரக் கேக்கோம். நீங்க ஒண்ண அத்து விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போறீய. கேக்க வேண்டாமா? ஒரு ஓலை ஆலயத்துல வாசிப்பேன். இன்னொண்ணு எங்கங்கிறதப் பொறவு சொல்லுதேன். ரெண்டு இடத்துலயும் தடை இல்லன்னா கை வைக்கேன்.”

“எனக்கு யாரு தடை சொல்லப்போறா? வாசிங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வாசித்தார். வேதமாணிக்கம் தண்ணீர் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போக விரும்புகிறார், தடை சொல்ல யாராவது உண்டா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மூப்பர் மட்டும் “ஆமென்!” என்று ஒரு போடு போட்டார். பெண்கள் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று அலறிக்கொண்டு எழுந்தது. வேதமாணிக்கத்துக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை, வேதமாணிக்கம் தண்ணீர் திறக்கிற தொட்டியடிக்குப் போதகர் வந்தார். திருவிருந்து ஆராதனைக்கு வருகிறவர் போல வெள்ளை அங்கி உடுத்தியிருந்தார்.

“வாங்க, கீழத்தெருவுக்குப் போவோம். அங்கதான் ரெண்டாவது ஓலை.”

“ஐயா, அங்க நம்ம சபைக்காரவுக ஒரு வீடுகூட கிடையாதே!”

“குடம் வச்சிருக்கவுக உண்டுல்லா? வாங்க.”

கீழத்தெருக் குழாயடியில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். வேதமாணிக்கம் வால்வைத் திருப்பினார். தண்ணீர் சத்தத்தோடு வந்து விழுந்தது. சேறும் சகதியுமான அந்த இடத்தில் அங்கி நனைய நின்றுகொண்டு, ஆலயத்தில் வாசித்த அதே குரலில் போதகர் வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று முடித்தார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதமாணிக்கத்துக்கு வெட்கமாய்ப் போயிற்று. இவர்களுக்கு ஊழியம் என்றால் என்ன தெரியும், இவர்களிடம் போய்க் கேட்பார்களா என்று நினைத்தார்.

“நான் சொல்லுதேன் தடை.”

இசக்கியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பீடி சுற்றுகிறவள். அந்தத் தெருவில் வேதமாணிக்கத்தை அதிகம் ஏசியவளும் அவள்தான். போச்சு, இன்றைக்கு என் மானத்தை வாங்கப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இந்த மனுசன் எனக்கு மாமனுமில்ல, மச்சானுமில்ல. முந்தாநாளு கூட தண்ணி பிந்திப்போச்சுன்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். ஆனா இவரு வாரதுக்கு முந்தி இந்தக் குழாயில காத்துதான் வரும். எம் மவ மாசமா இருக்கும்போது குடத்தத் தூக்கிட்டு ஓடைக்குப் போயி வழுக்கி விழுந்தா. பிள்ள தங்கல. இவரு வந்த பொறவு இந்தத் தெருவுல ஒருத்தியும் ஓடைக்குப் போனதில்ல.”

“அவரு சாமி வேலைக்குத்தானம்மா போறாரு?” என்றார் போதகர்.

“உங்க சாமிய எனக்குத் தெரியாதுய்யா. நீங்க குடுக்கிற நோட்டீச பீடி இலைய மூடி வைக்கத்தான் வாங்கிக்கிடுவேன். ஆனா மேலத்தெருவ முழுக்கப் பகைச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து இவரு இங்க வந்து வால்வத் திருப்புவாரு பாருங்க, அப்ப இவரு மூஞ்சியப் பாப்பேன். இவரு கும்புடுத சாமிக்கும் இந்த மூஞ்சியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிடுவேன். இவரு போயிட்டா அந்தச் சாமியும் இந்தத் தெருவ விட்டுப் போயிரும். அதான் தடை.”

வேதமாணிக்கம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் இளைத்தது. நூல் போல வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எந்த வீட்டு மோட்டார் என்று அவருக்குத் தெரியும். மேலத்தெருவில் மற்ற எல்லார் வீட்டு மோட்டாரையும் கழற்றி வைத்தவர், மூப்பர் வீட்டு வாசலை மட்டும் ஏறியதில்லை. சபையின் மூப்பர் ஆயிற்றே என்று விட்டு வைத்திருந்தார். மூப்பர் வீட்டில் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை கீழத்தெரு காத்துக்கிடக்கும். இசக்கியம்மாள் முந்தாநாள் ஏசியதும் அதற்குத்தான்.

வேதமாணிக்கம் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். ஸ்பேனரை எடுத்தார்.

“ஐயா, நான் மூப்பர் வீட்டுக்குப் போறேன்.”

“என்ன செய்யப் போறீய?”

“மோட்டாரக் கழத்தாம வரமாட்டேன். சத்தம் போட வேண்டி வரும். சபையில என்ன பேசுனாலும் பேசட்டும், இனி இந்த வேலைய விட்டு நான் போறதா இல்ல.” ஓரடி வைத்தவர் நின்று திரும்பினார். “ஆனா ஒரு ஆசையாத்தான் உங்ககிட்ட வந்தேன் ஐயா. இப்ப எனக்குக் கை வைப்பீயளா, மாட்டீயளா?”

போதகர் விறுவிறுவென்று வந்து அவரை மறித்துக்கொண்டு நின்றார். தடுக்கத்தான் வருகிறார் என்று வேதமாணிக்கம் நினைத்தார். போதகர் அந்தச் சகதியில் நின்றபடியே தலை குனிந்தார்.

“நாலு வருசமா இந்தத் தெருவுல நான் பிரசங்கம் பண்ணுதேன், அண்ணாச்சி. கர்த்தரோட முகம் எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் என்னால காட்ட முடியல. போறதுக்கு முன்னால நீங்க என் தலையில கைய வச்சிட்டுப் போங்க.”