பெரியவர் ஓய்வெடுக்கிறார்

பாளையங்கோட்டையில் ஜெபமலர் டீச்சர் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்த காலம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் மீன்தொட்டி. உள்ளே ஒரு ராஜ்ஜியமே நடந்துகொண்டிருந்தது.

ராஜ்ஜியத்துக்குப் பெரியவர் ஒரு சக்கர் மீன். முழ நீளம், உடம்பெல்லாம் ஓடு போலக் கறுத்த தோல். கல்லிலும் கண்ணாடியிலும் படியும் பாசியை உறிஞ்சித் தின்றே வளர்ந்தவர். தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. பகலெல்லாம் கவிழ்த்து வைத்த உடைந்த பானைக்குள் கிடப்பார். பானையின் வாய் வழியே அவருடைய வால் மட்டும் தெரியும்.

ஐந்து பட்டையன்கள் இருந்தார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டவர்கள், எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கிறவர்கள். ஒரு தாய்க் கப்பி மீன் இருந்தாள், அவளுக்கு ஏழு குஞ்சுகள். ஒரு மஞ்சள் நத்தை. மூலையில் குமிழி விட்டபடி தண்ணீரை இழுத்து வடிகட்டும் பஞ்சு. அப்புறம், உடம்பெல்லாம் முத்துப் புள்ளி போட்ட ஒரு கௌரமி மீன்.

கௌரமி வந்த முதல் நாளே பட்டையன்கள் அவளைச் சுற்றி வளைத்தார்கள். அந்த நேரம் பானை ஆடியது. பெரியவர் வெளியே வந்து வாலை ஒரு வீசு வீசினார். ஐந்து பேரும் மூலைக்குப் பறந்தார்கள். அன்றிலிருந்து கௌரமிக்குப் பானை வாசல்தான் வீடு.

பெரியவர் அதிகம் பேச மாட்டார். அவர் முனகுவதைக் கௌரமி வெளியே வந்து சொல்லுவாள். "குஞ்சுகளைத் துரத்தக் கூடாதாம், பெரியவர் சொல்றார்" என்பாள். பட்டையன்கள் விலகிப் போவார்கள். போகப் போக, அவர் சொன்னது பாதி, அவர் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அவளாக நினைத்தது பாதி என்றானது. தொட்டி அமைதியாக இருந்ததால் யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கௌரமி பானைக்குள் எட்டிப் பார்த்து, "விடிஞ்சாச்சு பெரியவரே" என்றாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். அவருடைய செவுள் அசையவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

அவள் அப்படியே நின்றாள். அழுகை வரவில்லை, பயம்தான் முதலில் வந்தது. இவர் இல்லை என்று தெரிந்தால் பட்டையன்கள் தன்னைச் சாயங்காலம்வரை விட்டுவைப்பார்களா?

வெளியே வந்தபோது மூத்த பட்டையன் எதிரில் நின்றான்.

"என்ன சொல்றார்?"

"ஓய்வெடுக்கிறார்" என்றாள் கௌரமி. "தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னார்."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் தண்ணீரின் ருசி மாறியது. வியாழக்கிழமை தண்ணீர் பால் கலந்ததுபோல வெளிறி, செவுளில் எரிந்தது. ஜெபமலர் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மூக்கைச் சுளித்தாள். பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நாள் எல்லோரும் நன்றாக மூச்சு விட்டார்கள். கௌரமிகூட, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் எரிச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

டீச்சர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே மீன்கடைக்காரரிடம் போனில் பேசினாள்.

"அண்ணாச்சி, தண்ணிய மாத்திப் பார்த்துட்டேன். தீனியக் கொறச்சுட்டேன். திரும்பவும் நாத்தம் அடிக்குது."

"மீனை எண்ணிப் பாத்தீங்களா டீச்சர்? உள்ள எங்கயாவது செத்துக் கெடந்தா எத்தன தண்ணி மாத்தினாலும் நிக்காது."

டீச்சர் குனிந்து விரலால் எண்ணினாள். பானை வாயில் வால் தெரிந்தது. "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. பெருசு எப்பவும் போல பானைக்குள்ள படுத்திருக்கு."

அந்த வாலுக்குப் பக்கத்தில்தான் கௌரமி நின்றாள். கொஞ்சம் விலகியிருந்தால் அந்த வால் அசையாமல் கிடப்பதை டீச்சர் கவனித்திருப்பாள். கௌரமி விலகவில்லை.

அன்று பகலில் எல்லோரும் மேலே வந்து வாயைப் பிளந்தார்கள். கௌரமிக்கு மட்டும் அந்தக் கஷ்டம் குறைவு. அவள் சாதிக்கு வெளிக்காற்றை ஒரு வாய் குடித்துக்கொண்டு இறங்கத் தெரியும். மற்றவர்களுக்குத் தண்ணீர்தான் மூச்சு. ஒவ்வொரு தடவை மேலே போய்க் காற்றைக் குடிக்கும்போதும் பக்கத்தில் திணறுகிறவர்களை அவளால் பார்க்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் கப்பியின் குஞ்சுகளில் இரண்டு போய்விட்டன.

"யாரோ தண்ணியைக் கெடுக்கிறாங்க" என்றான் மூத்த பட்டையன். "யாருன்னு கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நத்தை பானை வாசலில் ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கே அழுகல் இருந்தாலும் தேடிப் போய்த் தின்பது அதன் பிழைப்பு.

"அழுக்கு தின்கிற உனக்குப் பெரியவர் வாசல்ல என்ன வேலை?" என்று கேட்டான் மூத்தவன்.

நத்தை கொம்புகளைத் திருப்பிக் கௌரமியைப் பார்த்தது. அதற்குத் தெரியும் என்பது அவளுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"அக்கா, உள்ள போய்க் கேளுங்க. இந்த நத்தையை முடிச்சிடலாமான்னு பெரியவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றான் மூத்தவன்.

கௌரமி பானைக்குள் போனாள். உள்ளே தண்ணீர் கண்ணில் குத்தியது. பெரியவரின் வயிறு ஊதிப் போயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பத்து எண்ணும் நேரம் நின்றாள், கேட்டுவிட்டு வருகிறவள்போல.

வெளியே வந்து, "நாளைக்குச் சொல்றேன்னார்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பட்டையன்கள் நாளைவரை காத்திருக்கவும் இல்லை. ஐந்து பேரும் நத்தையின் கொம்பைக் கடித்தார்கள், அடிச்சதையைக் கடித்தார்கள். நத்தை உள்ளே ஒடுங்கி, ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

கௌரமி மூலைக்கு ஓடினாள். அங்கே பஞ்சு மூச்சு வாங்கியபடி குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"நீயாவது தண்ணியைச் சுத்தம் பண்ணக் கூடாதா?" என்றாள்.

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது பஞ்சு. "எனக்குள்ள கண்ணுக்குத் தெரியாத லட்சம் பேர் இருக்காங்க. நீங்க கழிக்கிறதையும் மிச்சம் வைக்கிறதையும் தின்னு செரிக்கிறது அவங்கதான். ஆனா இப்ப வர்றது அந்த அளவு இல்லை. ஏதோ ஒரு பெரிய உடம்பு கரையுது."

"யாருடையதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"யாருடையதுன்னு நான் சொல்லலையே."

கௌரமி பானைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத் தண்ணியும் என் வழியாத்தான் போகுது" என்றது பஞ்சு. "நான் சொன்னா அழுக்குப் பஞ்சு உளறுதும்பாங்க. நத்தை வாசல் பக்கம் போனதுக்கே அதோட கதி என்னன்னு இப்பப் பார்த்தே. வாசல்ல நிக்கிறது நீ ஒருத்திதான். நாளைச் சாயங்காலத்துக்கு மேல என்னால தாங்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். தொட்டிக்குள் யாரும் நீந்தவில்லை; மிதந்தார்கள். தாய்க் கப்பி தட்டுத் தடுமாறிக் கௌரமியிடம் வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று குஞ்சுகள்தான் இருந்தன.

"அக்கா, அவர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை கேளுங்க. இதுங்களை எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனா பிழைக்கும்? அவர் எந்த மூலையைச் சொன்னாலும் போறேன்."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் கௌரமி இன்னொரு பொய் சொல்லியிருப்பாள். அவள் நம்பிக் கேட்டாள்.

"அவர் சொல்ல மாட்டார்" என்றாள் கௌரமி. "அவர் செத்து ஆறு நாளாச்சு. நான்தான் மறைச்சேன்."

கௌரமி விலகாமல் காத்திருந்தாள். பட்டையன்கள் ஐந்து பேரும் அவளை நோக்கித் திரும்பினார்கள். மூத்தவன் நெருங்கி வந்தான்.

"எங்களுக்கும் தெரியும்" என்றான்.

"எப்ப இருந்து?"

"மூணு நாளா. வால்ல பூஞ்சை பிடிச்சிருந்ததைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க? ஏன் அந்த நத்தையை..."

மூத்தவன் தரையைப் பார்த்தான். "அவர் இல்லைன்னு ஆயிட்டா எங்களைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்லை. அது எனக்கே பயமா இருந்துச்சு. வேற யாராவது தப்பு பண்ணியிருக்கட்டும்னு தோணிச்சு."

தாய்க் கப்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரியாமல் இருந்தது அவள் ஒருத்திதான். "பேசினது போதும்" என்றாள். "அவரை வெளியே இழுங்க. அந்தம்மா கண்ணுல படணும்."

பட்டையன்கள் பெரியவரின் வாலைப் பற்றி இழுத்தார்கள். வால்துடுப்பு கிழிந்து வாயோடு வந்தது. இரண்டு பேர் மூச்சு முட்டி மேலே ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். உடம்பு அசைந்து கொடுத்தது. ஆனால் முதுகு முள் பானை விளிம்பில் மாட்டிக்கொண்டது.

"உள்ளேயிருந்து ஒருத்தர் தள்ளணும்" என்றான் மூத்தவன்.

உள்ளே போனால் காற்றுக்கு மேலே வர வழி கிடையாது. கௌரமி மேலே போய் ஒரு வாய் காற்றை நிறைய வாங்கிக்கொண்டு இறங்கினாள். உடம்பை ஒடுக்கிப் பெரியவருக்கும் பானைச் சுவருக்கும் இடையில் நுழைந்தாள். கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. தன் நெற்றியை அவர் நெற்றியில் வைத்துத் தள்ளினாள். நகரவில்லை. மறுபடி தள்ளினாள். குடித்து வந்த காற்று தீர்ந்தது. இங்கேயே முடிந்துவிடுமோ என்று நினைத்தபோது முள் ஒடியும் சத்தம் கேட்டது. ஊதிப் போயிருந்த உடம்பு சட்டென்று கழன்று, பானையை விட்டு வெளியேறி, மெதுவாக உருண்டு, முன்பக்கக் கண்ணாடியில் வந்து சாய்ந்தது.

கௌரமியை இரண்டு பட்டையன்கள் முட்டி முட்டி மேலே கொண்டுபோனார்கள்.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்க அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு குஞ்சு போனது.

டீச்சர் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வலையில் பெரியவரை அள்ளி எடுத்தாள். போனில், "நான் வாலைப் பார்த்து ஏமாந்துட்டேன் அண்ணாச்சி" என்று சொன்னாள். அவர் சொன்னபடி, முதல் நாளே பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரை ஊற்றினாள். இறைத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழிந்து திரும்ப வைத்தாள். மல்லாந்து கிடந்த நத்தையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நாத்தம் இல்ல, உனக்கு உசுரு இருக்கு" என்று சொல்லி மணலில் நிமிர்த்தி விட்டாள். இரண்டு நாள் தீனி போடவில்லை.

புதன்கிழமை நத்தை ஒரு கொம்பை வெளியே நீட்டியது. கௌரமி அதன் அருகில் போய், "நான் அன்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

"ஆமா" என்றது நத்தை. தன் வழியே ஊர்ந்து போனது.

அன்று சாயங்காலம் டீச்சர் ஒரு சிட்டிகை தீனி தூவினாள். பசித்திருந்த பட்டையன்கள் பாய்ந்தார்கள். நடுவில் கப்பியின் கடைசி இரண்டு குஞ்சுகள் மாட்டிக்கொண்டன. மூத்தவன் வாய் திறந்தபடி வந்தான். அவன் பார்வையில் எது தீனி, எது குஞ்சு என்ற வித்தியாசம் இல்லை.

கௌரமி குறுக்கே வந்து நின்றாள். "விலகு" என்றாள்.

"யார் சொன்னது?"

"நான்."

அவனால் வேகத்தை அடக்க முடியவில்லை. அவள் துடுப்பில் ஒரு துண்டைக் கடித்தேவிட்டான். கௌரமி நகரவில்லை. தாய்க் கப்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மற்ற நாலு பட்டையன்களும் தின்பதை நிறுத்திவிட்டு மூத்தவனைப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் பின்வாங்கினான்.

எட்டு நாளில் அந்தத் துடுப்பு வளர்ந்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருந்தது.