மூக்கு வண்டியும் லைட்டு போட்ட பாப்பாவும்

தள்ளிப் படு செவந்தி. அத்தைக்கு முதுகு தரையில பட்டாப் போதும்னு இருக்கு. ரெண்டு நாளா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பே கழண்டு போச்சு. உங்கம்மா அங்கதான் அப்பா பக்கத்துல இருக்கா, காலையில போன்ல பேசலாம். நீ என்னடான்னா சோத்தையும் தொடல, தூங்கவும் மாட்டேங்குற. லைட்ட அணைச்சிட்டு வாடின்னா சுவிட்சுப் பக்கமே போக மாட்டேங்குற. எரியட்டும் விடு.

கதை சொல்லவா? எனக்கு ராசா ராணி கதையெல்லாம் வராது. தெரிஞ்சது வண்டி ஒண்ணுதான். ஆனா நீ ‘ம்’ போடணும். போடலைன்னா நான் தூங்கிப் போயிருவேன், அப்புறம் விடிய விடிய என் குறட்டையத்தான் கேக்கணும்.

“ம்.”

ஒரு ஊர்ல, தக்காளிச் சந்தை கூடுற ஒரு ஊர்ல, ஒரு வண்டி இருந்துச்சு. முன்னாடி மூக்க நீட்டிக்கிட்டு, பின்னாடி தொட்டியச் சுமந்துக்கிட்டு நிக்கிற லோடு வண்டி. அதுக்குப் பேரு மூக்கு வண்டி. அத ஒரு அண்ணனும் தங்கச்சியும் மாத்தி மாத்தி ஓட்டுனாங்க. மத்தியானத்துக்கு மேல தங்கச்சி தோட்டம் தோட்டமாப் போயி தக்காளிக் கூடைய ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துவா. காலையில அண்ணன் எந்திரிச்சு சந்தைக்கு எடுத்துக்கிட்டுப் போவான்.

“ம்.”

அந்த மூக்குக்குள்ள மூணு பேரு குடியிருந்தாங்க. ஒருத்தரு பேட்டரி அண்ணாச்சி. கரண்டச் சேத்துச் சேத்து வயித்துக்குள்ள வச்சிருப்பாரு. இன்னொருத்தன் ஸ்டார்ட்டர் பயில்வான். நாள் முழுக்கத் தூக்கம்தான் அவனுக்கு. காலையில சாவியத் திருப்புனா முழிப்பான், எஞ்சினப் புடிச்சு ‘கிர்ர்ர்ர்’னு ஒரு சுத்து சுத்தி விடுவான், மறுபடி படுத்துருவான். வேலை என்னமோ பத்து எண்ணுற நேரம்தான். ஆனா அதுக்குள்ள அண்ணாச்சிகிட்ட இருக்கிறத அள்ளி அள்ளித் தின்னுருவான். அதான், பத்து எண்ணியும் எஞ்சின் புடிக்கலைன்னா சாவிய விட்டுட்டுச் செத்த நேரம் பொறுக்கணும். திருப்பிக்கிட்டே இருந்தா அண்ணாச்சியும் காலி, பயில்வானும் சூடேறிக் கருகிப் போயிருவான். மூணாவது ஆளு டைனமோக்காரி. வண்டி ஓட ஓட கரண்ட உண்டாக்கி, தின்னு தீத்தத எல்லாம் அண்ணாச்சிக்குத் திருப்பிக் குடுப்பா. நம்ம வீட்லயும் இப்படிப் பெரியவங்க மூணு பேரு இருக்கோம். இதுல தின்னுட்டுத் தூங்குற பயில்வான் யாரு சொல்லு?

“அப்பா.”

ஆமா. சிரிச்சிட்ட பாரு. ரெண்டு நாள் கழிச்சு இப்பத்தான் பல்லு தெரியுது.

அந்தப் பயில்வானுக்கு ஒரு குறை உண்டு. அவனுக்குக் கண்ணு கிடையாது. கரண்டு வந்தா சுத்துவான், அம்புட்டுதான். வண்டி எப்படி நிக்குது, முன்னாடி யாரு நிக்கிறா, எதுவும் பாக்க மாட்டான். இத ஞாபகம் வச்சுக்க.

“ம்.”

அப்புறம், மூக்கு வண்டிக்கு ஹேண்ட் பிரேக் தளந்து போயிருந்துச்சு. அண்ணன் சொன்னான், “ஏ புள்ள, நிறுத்துனா கியர நடுவுல விட்டுரு, சக்கரத்துக்குக் கல்லு வச்சிரு. ஞாயித்துக்கெழம பிரேக்கப் பாத்துருவோம்”னான். சாவியிலருந்து பயில்வானுக்குச் சேதி கொண்டு போற சின்ன ஒயரு ஒண்ணு உண்டு. அதோட நுனியில பச்சைப் பூசணம் பூத்துப் போயிக் கெடந்துச்சு. தங்கச்சி சொன்னா, “அண்ணே, இத வழிச்சுச் சுத்தம் பண்ணணும்ணே”ன்னா. “ஞாயித்துக்கெழம”ன்னான். எத்தனை ஞாயித்துக்கெழம வந்துச்சு, எத்தனை போச்சு. ஞாயித்துக்கெழமையானா அண்ணனுக்குக் கறிக்கொழம்பு, தங்கச்சிக்குத் தூக்கம்.

அப்போ ஒரு நாள் சாயங்காலம். தங்கச்சி எண்பது கூடை ஏத்திட்டு வந்து நிறுத்துனா. தோளு ரெண்டும் எரியுது. கல்லு எங்கயோ உருண்டு கெடக்கு. குனிஞ்சு தேடணுமேன்னு நெனச்சப்பவே அவளுக்கு அழுகையே வந்துருச்சு. ஒரே ஒரு நாளுதானேன்னு, வண்டி உருளாம இருக்க முதல் கியர்ல போட்டு நிறுத்திட்டு, இறங்கிப் போயிப் படுத்துட்டா. காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சா.

“ம்.”

அந்த வீட்ல ஒரு பாப்பா இருந்துச்சு. அது வண்டிக்குள்ள ஏறி, டிரைவர் சீட்டுல உக்காந்து, “பாம் பாம், வழி விடு”ன்னு விளையாடிட்டு, உள்ள இருக்கிற குட்டி லைட்டப் போட்டுச்சு. அப்புறம் அம்மா தோசைக்குக் கூப்பிட்டாளா, இறங்கி ஓடிருச்சு. லைட்டு எரிஞ்சுது, எரிஞ்சுது, ராத்திரி பூரா எரிஞ்சுது. ஏற்கெனவே கெழட்டு அண்ணாச்சி, வயித்துல இருந்ததெல்லாம் ஒழுகிப் போச்சு.

செவந்தி? ‘ம்’ எங்க?

“அந்தப் பாப்பா பேரு என்ன?”

கதையில எல்லாருக்கும் பேரு கிடையாது. கேளு.

காலையில அண்ணன் ஏறுனான். கிளச்ச மிதிச்சான், சாவியத் திருப்புனான். ‘டக்’. அம்புட்டுதான். இன்னொரு தடவ. ‘டக்’. மேல பாத்தா குட்டி லைட்டு மங்கலா எரியுது. “எவ இந்த லைட்டப் போட்டது?”ன்னு தெருவே கேக்குற மாதிரி கத்துனான். பாப்பா போர்வைக்குள்ள பூந்துக்கிச்சு. சந்தைக்கு நேரமானா அண்ணனுக்கு யாருமேல பாய்றோம்னே தெரியாது, அப்படி ஒரு வாயி.

ஏன்டி கண்ணத் தொடைக்கிற? அழுகாத. இன்னும் இருக்கு.

அப்புறம் பக்கத்து வீட்டு மரியலூயிசு தன்னோட பால் வண்டியக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துனாரு. அவரு கையில செவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும். அண்ணன் வாயில பீடி. “மொதல்ல அதக் கீழ போடுய்யா. பேட்டரி மூச்சு விடும், அதுல நெருப்பு பட்டா மூஞ்சி போயிரும்”னாரு. “கையில கெடக்குற காப்பக் கழட்டு. இரும்பு தெரியாத்தனமா உரசுனா பொறி பறக்கும்”னாரு. அப்புறம் நிதானமா மாட்டுனாரு. செவப்ப நம்ம அண்ணாச்சியோட பிளஸ்சுல, மறு முனைய அவரு பேட்டரி பிளஸ்சுல. கறுப்ப அவரு மைனஸ்சுல. கடைசி கறுப்ப மட்டும் அண்ணாச்சி பக்கத்துலயே கொண்டு போகாம, தள்ளி எஞ்சின் இரும்புல கடிக்க விட்டாரு. கடைசியா மாட்டுற எடத்துல பொறி வரும்ல, அது பேட்டரிக்குப் பக்கத்துல வரக் கூடாது.

பால் வண்டி ‘டுர்ர்ர்’னு ஓட, கொஞ்ச நேரத்துல அண்ணாச்சிக்கு உசுரு வந்துருச்சு. ஹாரன் அடிச்சா ‘பாஆம்!’ லைட்டப் போட்டா பளிச்! அண்ணன் மறுபடி கிளச்ச மிதிச்சு சாவியத் திருப்புனான். இப்போ ‘டக்’ கூட இல்ல. அந்த இத்துப் போன ஒயரு இருக்குல்ல, அது சேதியக் கொண்டு போகல. பயில்வான் தூங்குறான்.

மரியலூயிசு ஒயரக் கழட்டிச் சுருட்டுனாரு. “பேட்டரி நல்லாருக்கு மாப்ள. இது வேற கோளாறு. எலக்ட்ரீசியன் வரட்டும். பாலு ஊத்திட்டு வந்துடறேன், கூடைய என் வண்டில மாத்திக்க, நானே சந்தையில விட்டுடறேன்”னாரு. எம்புட்டு நல்ல வார்த்தை! கேட்டானா? “நேரமாச்சு மச்சான், நான் டைரக்டா குடுத்துக்கறேன்”னு அவர அனுப்பிட்டான்.

“டைரக்டான்னா?”

சாவியெல்லாம் வேணாம்னு, பயில்வான் மண்டையில இருக்கிற ரெண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்துப் புடிக்கிறது. தூங்குறவன் தலையில தண்ணிய ஊத்துற மாதிரி. உடனே முழிப்பான். ஆனா அந்த நேரத்துல சீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. கிளச்சுல காலு இருக்காது, கியர்ல கெடந்தா பயில்வான் வண்டியையே தள்ளிருவான்.

எங்க விட்டேன்? கண்ணு சொக்குது.

“ஸ்க்ரூ டிரைவரு.”

ஆங். அண்ணன் ஸ்க்ரூ டிரைவர எடுத்தான். துவைக்கிற கல்லுக்கும் வண்டி மூக்குக்கும் நடுவுல நின்னு குனிஞ்சான். “ஏ புள்ள, சாவிய மட்டும் ஆன் பண்ணு!”ன்னான். தங்கச்சி பின்னாடி தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தவ, ஓடி வந்தா. கதவத் திறக்கல, ஏறி உக்காரல. சன்னல் வழியா கையை விட்டு, சாவியத் திருப்பிட்டு நின்னா. அவ கைக்கு ஒரு சாண் தூரத்துல கியர். தொட்டு ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நடுவுல இருந்தா லொட லொடன்னு ஆடும், கியர்ல இருந்தா முறுக்கிக்கிட்டு நிக்கும். அவ தொடல. நேத்து சாயங்காலம் போட்டது அவளுக்கு ஞாபகமே வரல.

சடசடசடன்னு பொறி. கிர்ர்ர்! ட்ரூம்!

வண்டி ஒரே தாவு. டம்!

துவைக்கிற கல்லுல முட்டி எஞ்சின் நின்னு போச்சு. நடுவுல அண்ணன் காலு. அவன் கத்துன கத்து இருக்கே, தங்கச்சிக்கு இப்பவும் காதுக்குள்ளயே கேக்குது. கூடை சரிஞ்சு தக்காளியெல்லாம் வாசல் பூரா உருளுது. அவ அதுமேலயே மிதிச்சிக்கிட்டு ஓடுனா.

“அத்தே.”

சொல்லு.

“அந்தப் பாப்பா லைட்ட அணைச்சிருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல?”

என்னடி கேக்குற?

“அது நான்தானே அத்தே. நான்தான் அப்பா கால ஒடச்சிட்டேன்.”

எந்திரி. எந்திரிச்சு உக்காரு. என் மூஞ்சியப் பாரு. இதத்தான் ரெண்டு நாளா வயித்துக்குள்ள வச்சிக்கிட்டுப் பட்டினி கெடந்தியா? அடிப் பாவி மகளே. எனக்கு இது தோணவே இல்லையே.

கேளு. லைட்டு எரிஞ்சா என்னாகும்? அண்ணாச்சி படுத்துருவாரு. அண்ணாச்சி படுத்தா என்னாகும்? வண்டி நிக்கும். நிக்கிற வண்டி யாரையாவது இடிக்குமா?

“இடிக்காது.”

அந்தப் படுத்த அண்ணாச்சியையும் மரியலூயிசு மாமா எழுப்பி விட்டுட்டாரு. ஹாரன் பாம்னு அடிச்சுச்சா இல்லையா?

“அடிச்சுச்சு.”

அத்தோட பாப்பா செஞ்சது சரியாப் போச்சு. அதுக்கு மேல நடந்ததெல்லாம் பெரிய கழுதைங்க செஞ்சது. ஒயரச் சுத்தம் பண்ணாம ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமன்னு தள்ளுனது பாப்பாவா? மாமா சொன்ன பேச்சக் கேக்காம ஸ்க்ரூ டிரைவரத் தூக்குனது பாப்பாவா? கியர்ல போட்டது பாப்பாவா?

“கியர்ல போட்டது யாரு?”

நான்தான்டி. நான்தான் போட்டேன். போட்டத மறந்துட்டு நானே போயி சாவியையும் திருப்புனேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் உங்கப்பனத்தான் ஏசுறாங்க, இப்படியா அசால்ட்டா இருப்பன்னு. நானும் பக்கத்துல நின்னு தலையை ஆட்டிக்கிட்டு இருக்கேன். அவனுக்கு மயக்கம் தெளிஞ்சப்போ, “கியர் எப்படி விழுந்துச்சு? வண்டி தானா தாவிருச்சு போல”ங்குறான். நான் கஞ்சி வாங்கிட்டு வரேன்னு வெளிய வந்துட்டேன். இந்த ரெண்டு நாள்ல உன்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.

“அப்பா நடப்பாரா?”

நடப்பான். எலும்புக்குக் கம்பி வச்சிருக்காங்க, மூணு மாசம் ஆகும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ரெண்டு வேளையும் நான்தான் வண்டி எடுக்கணும். ஒயரு மாத்தியாச்சு, பிரேக்கும் இழுத்தாச்சு. ஆனா இன்னிக்கு ஏறி உக்காந்தேன் பாரு, கியர ஆட்டிப் பாத்தேன். லொட லொடன்னு ஆடுச்சு. நம்பிக்கையில்ல. மறுபடி ஆட்டிப் பாத்தேன். அப்புறமும் சாவியத் திருப்பாமலே இறங்கி வந்துட்டேன் செவந்தி.

“அத்தே, அப்பாகிட்டச் சொல்லப் போறியா?”

சொல்லணும். எப்படின்னுதான் தெரியல. எப்படிக் கத்துவானோ.

“நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம். மொதல்ல நான் லைட்டு போட்டதச் சொல்றேன். அதுக்கு அப்பா கத்துவாரு. கத்தி முடிச்சோன்ன நீ சொல்லு. அதுக்குள்ள அவருக்கு வாயி வலிச்சிரும்.”

அடி என் சாமி! வா, இங்க வா. பக்கத்துல வந்து படு. இந்த வீட்ல உனக்கு ஒருத்திக்குத்தான் புத்தி இருக்கு. சரி, சேந்தே போவோம். காலையில ரெண்டு இட்டிலி தின்னுட்டுத்தான் ஆனா.

“ம்.”

என்ன, எங்க எந்திரிச்சுப் போற?

“லைட்ட அணைக்க.”

போ. எட்டுதா? எக்கி அணை.

டிக்.

அம்புட்டுதான். கியர் நடுவுல வந்துருச்சு, சாவிய எடுத்தாச்சு, லைட்டையும் அணைச்சாச்சு. மூக்கு வண்டி கதையும் வீடு வந்து சேந்துருச்சு. தூங்கு சாமி.

செவந்தி?

‘ம்’ வரல. சரி, நானும் படுக்கறேன்.