வெயிலுமுத்து சாரின் எட்டாவது ஆட்டம்

"சார், பயலுக என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்கானுவ."

பி.டி. மாஸ்டர் வெயிலுமுத்து இதைச் சொன்னது அம்பயர் தனிஸ்லாஸிடம். அந்த வருஷத்தின் ஏழாவது ஆட்டம் முடிந்த சாயங்காலம் அது. ஏழிலும் தோல்வி. அன்றைக்கு மட்டும் ஆறு கோல் வாங்கியிருந்தார்கள். திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை.

தனிஸ்லாஸ் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஷூவை எடுத்தார்.

அவர் அப்படித்தான். கோவில்பட்டி வட்டாரத்தில் முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட ஹாக்கிக்கு விசில் ஊதுகிறவர். மனிதர் வாயைத் திறப்பதே விசிலைச் செருகத்தான் என்று பி.டி. மாஸ்டர்கள் கேலி பேசுவார்கள். ஆனாலும் டீம் தேறவில்லையென்றால் ஒவ்வொருவராக அவர் முன்னால்தான் போய் நிற்பார்கள். ஆட்டத்துக்குள்ளேயே ஓடுகிறவருக்குக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவனைவிட நாலு விஷயம் கூடத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதேன் சார். ஒருத்தன் காதுலயும் ஏற மாட்டேங்கு."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷம். ஆறாங்கிளாஸ்ல இருந்து இதே பயலுகதான்."

"அடுத்த ஆட்டம்?"

"சனிக்கிழமை. அதுவும் போச்சுன்னா டீமே போச்சு சார்."

தாளாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத டீமுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மைதானம்? பள்ளிக்கூட வேன் எட்டும் வெயிலில் ரோட்டோரம் காய்கின்றன. மைதானத்தில் ஷெட் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வெயிலுமுத்து ஒரே மூச்சில் சொன்னார். வயது நாற்பத்திரண்டு. வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பதினாலு பயல்கள்தான். இப்போதெல்லாம் ஞாபகம் வந்ததும் திரும்பப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

"சனிக்கிழமை நீங்க ஊதலைலா சார்? ஒரு வார்த்தை சொன்னா தப்பில்லையே. எங்க கோளாறு?"

தனிஸ்லாஸ் ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினார்.

"நாளைக்குப் பிராக்டீஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

•

மறுநாள் நாலரைக்கு அம்பயர் வந்தார். பிராக்டீஸுக்குத்தான் வந்தார், ஆனால் இறுதிப் போட்டிக்கு வந்தவர் மாதிரி முழு உடுப்போடு வந்தார்.

ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம். விசில் ஊதினார்.

வெயிலுமுத்து கோட்டையொட்டி ஓட ஆரம்பித்தார். அவரை மிஞ்ச ஆளில்லை, பயல்கள் ஓடுகிற தூரத்தைவிட அவர் ஓடுகிற தூரம் அதிகம்.

"லிங்கதுரை, ரைட்ல தள்ளு! ஏலே, ஒன்னயத்தான்! நிறுத்து, நிறுத்தி அடி! முன்னால போ, முன்னால போ, போதும், திரும்பு! குனிஞ்சு ஆடுலே! இப்பக் குடு! இப்ப!"

நீளமாக ஒரு விசில்.

தனிஸ்லாஸ் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். வெயிலுமுத்துவின் முன்னால் நின்றார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

"எனக்கா?"

அட்டை இறங்கவில்லை.

"நான் ஆடவே இல்லையே சார்!"

தனிஸ்லாஸ் மற்றக் கையால் சைக்கிள் ஷெட்டைக் காட்டினார்.

ஆட்டத்தை விட்டு வெளியே போகச் சொல்கிற அட்டை அது. பயல்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுமுத்துவுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் அம்பயர் பேச்சை மீறி அவருக்குப் பழக்கமில்லை. ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

திரும்ப ஆட்டம் தொடங்க விசில் கேட்டது.

அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டிக் சத்தம் இல்லை, கால் சத்தம் இல்லை.

பயல்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏதோ சொல்லித்தருகிறார் போல என்று நினைத்தார். தரட்டும். தன்னை வைத்துக்கொண்டு சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்தார். முடியவில்லை. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

பந்து நடுக்கோட்டில் கிடந்தது.

பதினாலு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பதினாலு முகமும் சைக்கிள் ஷெட்டைப் பார்த்தபடி இருந்தது.

வெயிலுமுத்து வேகமாக வந்தார்.

"பாத்தீகளா சார்? நான் இல்லைன்னா ஒரு பய நகர மாட்டா..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

தனிஸ்லாஸ் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார்.

"பேச்சைக் கேக்க மாட்டேங்கானுவன்னீங்க," என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

•

சனிக்கிழமை வெயிலுமுத்து வாயைத் திறக்கவில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தார்.

பந்து காலடிக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொருவனும் அவர் முகத்தைப் பார்த்தான். பார்க்கிற நேரத்துக்குள் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். பதறிப்போய்க் கண்ணாலாவது காட்டிவிடலாமா என்று அவருக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இடைவேளைக்குள் நாலு கோல்.

பயல்கள் தண்ணீர் பாட்டிலோடு சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"என்னலே செய்யலாம்?" என்றார்.

பயல்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"லிங்கதுரை, நீதானே கேப்டன். நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க சார்."

"நான் ஒன்னக் கேக்கேன்லா."

லிங்கதுரை பாட்டில் மூடியைத் திருகினான், திறந்தான், மறுபடி திருகினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"தெரியல சார். கோவிச்சுக்கிடாதீங்க."

நாலு வருஷத்தில் அந்தப் பயலிடம் தான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், அவன் என்ன செய்வான்?

விசில் ஒலித்தது. பயல்கள் எழுந்து போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயிலுமுத்து பெஞ்சைத் தூக்கித் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே வேலிக்கருவை மரம். ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்று நெற்றுப் பறித்துக்கொண்டிருந்தது.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தனிஸ்லாஸ். அவர் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

பின்னால் ஸ்டிக் மோதும் சத்தம். எதிர் டீம் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். தன் பயல்கள் பக்கமிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. கோல் பலகையில் பந்து மோதி டப்பென்றது. ஐந்து. கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. ஆறு. ஏழு.

இனி ஜெயிக்க வழியில்லை. ஷெட் போட ஆள் எப்போது வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார். இந்தப் பயல்களைப் போன வருஷம் இப்படி விட்டிருக்கலாம், அதற்கு முந்தின வருஷம் விட்டிருக்கலாம். இப்போது நினைத்து என்ன செய்ய?

எட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உடைந்தும் உடையாத ஒரு பையனின் குரல்.

"ஏலே, எனக்கு! இங்க, எனக்குக் குடுலே!"

வெயிலுமுத்து நிமிர்ந்தார்.

"லெப்ட்ல ஆளே இல்ல! குடுலே! வா, வா, நீயும் வா!"

யோசித்து யோசித்துப் பார்த்தார். லிங்கதுரை குரல் இல்லை. வேறு யார்? பதினாலு பேர் முகமும் வரிசையாக வந்தது. ஒரு முகத்துக்கும் குரல் இல்லை.

"யாரு சார் அது?"

"உங்க பயதான்."

"எந்தப் பய?"

"திரும்பிப் பாருங்க."

வெயிலுமுத்து பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"

"நாலு."

"வேண்டாம் சார்," என்றார். "நான் திரும்புனா அவன் என்னையப் பாப்பான்."