நான் இருக்கறப்ப நீ குடுக்கறதா?

"கையில காசே நிக்க மாட்டேங்குதும்மா."

குறையைச் சொல்ல வந்தபோதும் மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தார். அவர் கை அப்படிப்பட்ட கை! அவரோடு டீக்கடைக்குப் போன எவனும் காசு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. யாராவது சட்டைப் பையில் கையை விட்டால், மணிக்கட்டைப் பிடித்து மடக்கி, காசை அவன் பையிலேயே திணித்துவிடுவார்.

"நான் இருக்கறப்ப நீ குடுக்கறதா?"

டீ மட்டுமா? பிரியாணி, பஸ் டிக்கெட், சினிமா, எல்லாம் அவர் செலவுதான். ஊரே அறியும்.

மலையடிவார மடத்தில் இருந்த துறவி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

"எதுக்கு நிக்கணும்?" என்றார் அம்மா.

"மகளுக்கு நர்ஸிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா இடம் போயிடும். அரிசி மண்டியில வருமானம் நல்லாத்தான் வருது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"மக என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல."

அம்மா அவரைப் பந்திக்கு அழைத்தார்.

கூழும் மாங்காயும். சாப்பிட்டு எழுந்தவர்கள் தங்களால் முடிந்ததை உண்டியலில் போட்டார்கள். மாசிலாமணி ஐநூறு ரூபாய்த் தாளை, நாலு பேர் பார்க்கிற மாதிரி உதறி எடுத்தார்.

அம்மா குறுக்கே வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். மடக்கினார். தாளை அவர் பையிலேயே திணித்தார்.

"நான் இருக்கறப்ப நீங்க குடுக்கறதா?"

பந்தியே பார்த்தது. மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா, என்னை ஓசிச் சோத்துக்கு வந்தவன்னு நினைச்சீங்களா?"

"வலிக்குதா?"

"மானம் போகுதும்மா."

"ஓ," என்ற அம்மா, கூழ் குடித்த கிண்ணங்களை எடுக்கப் போய்விட்டார்.

மாசிலாமணி விறுவிறுவென்று மலையடிவாரத்தைக் கடந்தார். நல்ல கோபம். கடைத்தெரு வந்தபோது கோபம் இருந்தது, யார்மேல் என்பதுதான் குழம்பிவிட்டது.

டீக்கடையில் தையல்காரர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. இரண்டு டீ வந்தது. குடித்தார்கள்.

தணிகாசலத்தின் கை சட்டைப் பைக்குப் போய் பாதியில் நின்றது. தினமும் அப்படித்தான் நிற்கும் போலிருக்கிறது. மாசிலாமணி இன்றைக்குத்தான் பார்த்தார்.

தன் கை தானாக எழுவதையும் பார்த்தார். சட்டென்று அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தணிகா, நீ குடு."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

தணிகாசலம் தாளை எடுத்தார். நீவினார். நிமிர்ந்து நின்று கொடுத்தார். மீதியை எண்ணாமல் பையில் போட்டார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான், அப்படி ஒரு மிடுக்கு.

"டீ என்ன விலைடா?" என்று மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

"பன்னெண்டு. தெரியாதா உனக்கு?"

தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

தணிகாசலம் உட்காரவில்லை. நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"பாப்பாவுக்குப் பணம் கட்டியாச்சா?"

மாசிலாமணி இல்லையென்று தலையாட்டினார்.

தணிகாசலம் பக்கத்திலேயே இருந்த தன் தையல் கடைக்குள் போய், தையல் மெஷின் டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து நண்பன் முன்னால் வைத்தார்.

"நம்ம தெருவுல இருந்து நர்ஸாகப் போற முதல் பிள்ளைடா அவ. எங்களுக்குப் பெருமை இருக்காதா? உன் டீயைக் குடிச்சவங்க அத்தனை பேரும் போட்டது. சேர்ந்து பத்து நாளாச்சு."

"பத்து நாளா? ஏன்டா குடுக்கல?"

"எப்படிக் குடுக்கறது? கையை மடக்கிடுவியே."